பறித்துக்கொண்ட சொல்

அந்த வருஷம் மொழியை வைத்திருந்தவர்கள் ஒரு சொல்லைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். மனிதர்கள் பேசும் மொழியைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் மொழி. அப்படிப்பட்ட ஒவ்வொரு மொழியிலும் சில சொற்கள் ஒதுக்கப்பட்டவை. நாம் எழுதும் நிரலில் அவற்றை எதற்கும் பெயராக வைக்கக்கூடாது. புதிய பதிப்பை வெளியிட்டபோது அந்தப் பட்டியலில் இன்னொரு குட்டிச் சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். நான்கே ஆங்கில எழுத்து. திருவனந்தபுரத்தில் நாங்கள் அதை 'ஈனம்' என்றுதான் உச்சரித்தோம். அதுவரை பாடப்புத்தகங்களில் எல்லாம் அந்தச் சொல் ஒரு சாதாரணப் பெயராக வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துப் படித்தவர்கள்தான் நாங்கள். படித்து, எழுதி, பிழைப்பும் நடத்திக்கொண்டிருந்தபோது, இனிமேல் அது குற்றம் என்று அறிவித்தார்கள். காரணமும் சொல்லியிருந்தார்கள். நல்ல காரணம்தான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனை எழுப்பிவிட்டு உட்காருகிறவர்கள் எல்லோரிடமும் நல்ல காரணம் இருக்கும்.

எனக்கு இதில் என்ன வந்தது என்றால், நான் எழுதிய லைப்ரரியில் முக்கியமான வேலை செய்யும் பகுதிக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தேன்.

லைப்ரரி என்றால் புத்தகம் வைக்கும் இடம் இல்லை. ஒருவர் எழுதிய நிரலை மற்றவர்கள் தங்கள் நிரலோடு சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ளும்படி கட்டித் தருவது. என்னுடையது மிகச் சாதாரண வேலையைச் செய்வது. பெயர், முகவரி, தொலைபேசி எண் என்று இடையிடையே கமா போட்டு எழுதிய பட்டியல் கோப்பை வாசித்து, ஒவ்வொரு வரியாகப் பிரித்துக் கொடுக்கும். கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிவிடும் என்று தோன்றும். முகவரிக்குள்ளேயே கமா இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால் அந்தப் பிள்ளை முழிக்கும். பெரியவர்களும் முழிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், ஸ்டாச்சு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது அதை எழுதினேன். நிலையம் கொடுத்த பாடப் புத்தகத்தில் இருந்த எடுத்துக்காட்டு அவ்வளவு கேவலமாக இருந்தது. அதை மாணவர்களிடம் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. எழுதியதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டேன். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பதில் இரண்டு ஆங்கில எழுத்து மட்டும் வைத்தேன்.

எடுத்துக்கொண்டார்கள். நன்றி சொன்னவர்கள் சிலர், திட்டியவர்கள் பலர். 'அவசரம்' என்று பெரிய எழுத்தில் தலைப்பு வைத்து, தங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராததற்கு நான்தான் காரணம் என்கிற தோரணையில் எழுதுவார்கள். என்ன கோளாறு, எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு, எதுவும் இருக்காது. இந்த ஜாதியை எனக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சேரும்போது கையெழுத்து வாங்கிய காகிதக் கட்டில் ஒரு வரி இருந்தது. பணியில் இருக்கும் காலத்தில் ஊழியர் எழுதும் நிரல் எதுவானாலும், வீட்டில் எழுதினாலும், அது நிறுவனத்தின் சொத்து. கையெழுத்துப் போட்டுவிட்டு லைப்ரரியைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. வலியசாலையில் எங்கள் வீட்டில் இணைய இணைப்பு கிடையாது. காலையில் ஏழு மணிக்கு சாலைக் கடைத்தெருவில், இரும்புச் சாமான் கடைக்கு மாடியில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போய் அரை மணி நேரம் லைப்ரரி வேலையைப் பார்ப்பேன். அப்புறம் கிழக்கேகோட்டையில் கம்பெனி பஸ். ஃப்ளாப்பி டிஸ்கை டிபன் டப்பாவோடு பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் டீமுக்குத் தலைவராக ஓர் ஆர்க்கிடெக்ட் இருந்தார். வீடு கட்டுகிறவர் இல்லை. எங்கள் துறையில் வெள்ளைப் பலகையில் பெட்டி வரைந்து, பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போடுகிறவருக்கு அந்தப் பட்டம். நாகர்கோவில்காரர், திருவனந்தபுரத்திலேயே படித்து வளர்ந்தவர். நான் தமிழ் என்று தெரிந்ததும் மற்றவர்கள் முன்னால் மலையாளத்திலும், என்னைத் தனியாக வேலை வாங்கும்போது தமிழிலும் பேசுவார். என்னை 'மோளே', அதாவது மகளே, என்பார். அவருக்கும் எனக்கும் ஆறு வயசு வித்தியாசம் இருந்தால் அதிகம்.

அவருடைய டீமில் சேர்ந்த முதல் வாரமே, ப்ராஜெக்டுக் கோப்புகளுக்குள் என் லைப்ரரி முழுதாகக் கிடந்ததைப் பார்த்தேன். நான் எழுதிய குறிப்புகள், நான் விட்ட எழுத்துப் பிழைகூட அப்படியே இருந்தது. யாரோ எப்போதோ இறக்கிச் சேர்த்திருக்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, அதற்காகத்தான் போட்டேன். ஆனால் என் துணியை வேறொருத்தர் வீட்டுக் கொடியில் பார்த்த மாதிரி இருந்தது.

புதிய பதிப்பு வந்ததும் அமெரிக்க வாடிக்கையாளர், எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டும் என்றார். மாற்றிப் பார்த்தபோது என் லைப்ரரி மட்டும் நூற்றுக்கு மேல் பிழை காட்டியது. ஒவ்வொரு பிழையும் அந்த ஒரு சொல்தான்.

ஆர்க்கிடெக்ட் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"இது எவன் எழுதினது? ஒரு விவரமும் இல்லாத்தவன். பேரு வைக்கதுக்கு வேற சொல்லே கிடைக்கலியா?"

"அப்போ அந்தச் சொல் ஒதுக்கினது இல்லியே, சார்."

"நல்ல ப்ரோக்ராமர்னா முன்கூட்டியே யோசிக்கணும், கேட்டியா? நான் அவனுக்கு ஒரு மெயில் போடுதேன்."

மறுநாள் காலை இரும்புக்கடை மாடியில் உட்கார்ந்து அந்த மெயிலைப் படித்தேன். அவர் என்னிடம் பேசும் தமிழில் கொஞ்சம் மனுஷத்தனமாவது இருக்கும். அந்த ஆங்கிலத்தில் அதுவும் இல்லை. உங்கள் லைப்ரரி புதிய பதிப்பில் ஓடாதது எங்களுக்கு வியப்பையும் ஏமாற்றத்தையும் அளிக்கிறது. இவ்வளவு அடிப்படையான விஷயத்தைக் கவனிக்காமல் விட்டது தொழில்முறைக்கு ஒவ்வாதது. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்வீர்கள் என எதிர்பார்க்கிறோம். கீழே அவருடைய பதவி இரண்டு வரிக்கு இருந்தது. சம்பளம் தருகிற வேலைக்காரனுக்குக்கூட யாரும் இப்படி எழுதமாட்டார்கள். இவர் ஓசியில் எடுத்துக்கொண்டவர்.

இரண்டு வரியில் பதில் போட்டேன். வேலை நடக்கிறது. பழைய பதிப்பிலேயே இருப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஓட வேண்டும், எனவே நாள் சொல்ல முடியாது.

அது உண்மைதான். பெயரை மாற்றுவது பத்து நிமிஷ வேலை. ஆனால் பழைய பெயரைச் சொல்லி அழைக்கும் நிரல்கள் உலகத்தில் எத்தனையோ இருந்தன. நான் பெயரை எடுத்துவிட்டால் அவை எல்லாம் நின்றுபோகும். புதிய பதிப்பிலோ பழைய பெயரை எழுதவே முடியாது. இரண்டு பக்கத்துக்கும் ஓடும்படி செய்ய ஒரு வழி யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனைக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் இருந்தது.

அன்றைக்கு மதியம் மீட்டிங்கில் ஆர்க்கிடெக்ட் என் பதிலைப் பிரிண்ட் எடுத்து வந்து எல்லோர் முன்பும் வாசித்தார். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா மோளே, ஒரு டியர் சார் உண்டா, ஒரு மரியாதை உண்டா? ஸ்வீடன்காரனோ நார்வேக்காரனோ ஆக்கும். வெள்ளக்காரன்தான் இப்டி வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு எழுதுவான். நம்ம ஆளுகளுக்கு இப்டி எழுத வராது."

நான் நோட்டில் எதையோ குறித்துக்கொள்வதுபோல் குனிந்துகொண்டேன். சிரிப்பை அடக்கியதில் கழுத்து வலித்தது. சொல்லிவிடலாமே என்று அந்த நிமிஷம் தோன்றவில்லை. அந்தக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒரு காரணம். இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பகலில் எனக்கு உத்தரவு போடுகிற மனுஷன் காலையில் என் பதிலுக்குக் காத்துக்கிடக்கிறான் என்பதை ஆறு வாரம் நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை போயிற்று. அதற்கடுத்த வாரம் அவரே லைப்ரரியைத் திருத்தி அனுப்பினார். எப்படித் திருத்தினார் என்று பார்த்ததும் தெரிந்தது. பழைய சொல்லைத் தேடி, இருந்த இடத்திலெல்லாம் புதிய சொல்லைப் போடும்படி எடிட்டருக்குக் கட்டளை கொடுத்திருக்கிறார். விளக்கக் குறிப்புகளில் வேறு பெரிய சொற்களின் நடுவில் அந்த நான்கு எழுத்தும் வருமே, அவற்றிலும் புகுந்து மாற்றிவிட்டது. வாக்கியங்கள் பல்லுடைந்து கிடந்தன. போதாததற்குப் புதிய பதிப்பில் வந்த அலங்காரங்களை எல்லாம் அங்கங்கே ஒட்டியிருந்தார். அவற்றுக்கு ஒரு தேவையும் இல்லை. பழைய பதிப்பில் இருப்பவர்களுக்கு லைப்ரரி செத்துப்போகும் என்பது மட்டும் நிச்சயம். தான் எழுதியதைத் தானே ஒரு முறை வாசித்துப் பார்க்காத மனிதர் மாதத்துக்கு இரண்டு தடவை எங்களுக்குத் தரம் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

ஏற்க முடியாது என்று எழுதினேன். நான்கு காரணம் கொடுத்தேன். நான்காவது காரணமாக, அனுப்புமுன் ஒரு முறை வாசிக்கவும் என்று சேர்த்தேன்.

அன்றைக்கு அவர் யாருக்கும் எதையும் வாசித்துக் காட்டவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குச் சாயா குடிக்கும் இடத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மோளே, அந்த வெள்ளக்காரன் கொஞ்சம் பிடிவாதக்காரன். பழைய ஆளுகளுக்கும் வேணுமாம். நீ ஒண்ணு செய்யி. அவனுக்கு எப்டி வேணுமோ அப்டி எழுதிக் குடு. நான் அனுப்புதேன்."

"உங்க பேர்லயா, சார்?"

"பின்னே? கம்பெனி பேரு வெளியில வரணும்லா. உனக்கு நான் அப்ரைசல்ல பாத்துக்கிடுதேன்."

"எவ்வளவு நாள் எடுத்துக்கலாம்?"

"ரெண்டு வாரம் எடுத்துக்கோ. ஒழுங்கா இருக்கணும்."

ஆக, நான் எழுதிய லைப்ரரியை நானே திருத்தி, அவர் பெயரில் எனக்கே அனுப்ப, எனக்கு அலுவலக நேரத்தில் இரண்டு வாரம் கிடைத்தது. அரை மணி நேரம் அரை மணி நேரமாகத் திருடிக்கொண்டிருந்தவளுக்கு அது ராஜபோகம். ஒழுங்காகவே செய்தேன். பழைய பெயரைத் தனிக் கோப்பில் ஒதுக்கினேன். அந்தக் கோப்போடு சேர்த்துக் கட்டினால் பழையவர்களுக்கு ஒரு பொட்டலம்; அது இல்லாமல் கட்டினால் புதியவர்களுக்கு ஒரு பொட்டலம். உள்ளே இருக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றே. முந்நூறு சோதனைக் கோப்புகளை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன். அவ்வளவு நல்ல வேலை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை என்றே நினைக்கிறேன். ஆர்க்கிடெக்ட் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பினார்.

அது வந்து சேர்ந்த அடுத்த நாள் ஹர்த்தால். எந்தக் கட்சி, எதற்காக என்று நினைவில்லை. அங்கே அதையெல்லாம் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கம்பெனி பஸ் கிடையாது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அப்பா வாசல் பக்கம் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமைச் செயலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஹர்த்தால் அன்னிக்கு எங்கேடி போறே?"

"சாலைக்கு."

"எல்லாம் அடைச்சுக் கெடக்கும்."

"அவன் பாதி ஷட்டரைத் தூக்கி வெச்சிருப்பான். குனிஞ்சு போயிடலாம்."

"அந்த ஓசி வேலைக்கா? ஒத்தன் ஒரு நன்றி சொல்றதில்லைன்னு நீதான் சொல்றே. அப்பறம் எதுக்குக் குனியணும்?"

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மாடியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஆர்க்கிடெக்ட் பெயரில் வந்திருந்த என் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படியே ஏற்றுக்கொண்டு வெளியிட வேண்டியதுதான். ஆனால் அப்படியே ஏற்றால், உலகத்தின் கண்ணில் அது அவர் செய்த குறையில்லாத வேலையாகிவிடும். எனக்குப் பொறுக்கவில்லை. வெளியீட்டுக் குறிப்பில் 'பெரும் திருத்தங்களுக்குப் பிறகு ஏற்கப்பட்டது' என்று எழுத வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதை எழுத வேண்டுமானால் எதையாவது திருத்த வேண்டுமே. முகவரியைச் சுற்றிப் போடும் மேற்கோள் குறிக்குள் வரும் கமாவைக் கையாளும் பகுதியை எடுத்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பகுதி. அதை இன்னும் நேர்த்தியாக எழுதுகிறேன் என்று பிரித்துப்போட்டு மாற்றி எழுதினேன். சோதனைக் கோப்புகள் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தன. கையில் இருந்த நாலைந்து கோப்பை ஓட்டினேன், சரியாக இருந்தது. வெளியிட்டேன். குறிப்பில் ஆசைப்பட்டதை எழுதினேன்.

எழுதியது வீணாகவும் போயிற்று. ஆர்க்கிடெக்ட் அந்தக் குறிப்பைப் படித்துப் புண்பட்டார் என்று சொல்ல ஆசைதான். அவர் படித்தது 'ஏற்கப்பட்டது' என்ற ஒரு சொல்லை மட்டும். அந்த மாதக் கூட்டத்தில், உலகத் திறந்த மூல (ஓபன் சோர்ஸ்) இயக்கத்துக்கு நம் கிளையின் பங்களிப்பு என்று அவருக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் அவர், ராப்பகலாக உழைத்த தன் டீமுக்கு நன்றி சொன்னார். டீமில் யார் என்று சொல்லவில்லை. நானும் கை தட்டினேன். பக்கத்தில் இருந்த பெண் என்னிடம் மலையாளத்தில், சாருக்கு வெளிநாட்டில் எல்லாம் என்ன பிடிப்பு பார் என்றாள்.

அந்த வாரத்தில்தான் ஒரு மெயில் வந்தது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி உடைந்த ஆங்கிலத்தில் இருந்தது. தங்கள் புதிய கோப்பைப் போட்ட பிறகு சில ஆட்கள் பட்டியலில் வரவில்லை. அவ்வளவுதான். எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு, ஒன்றும் இல்லை. நான் இப்படிப்பட்டவர்களுக்கென்றே வைத்திருந்த ஒரே வரியைப் பதிலாக அனுப்பினேன்: கையேட்டைப் படிக்கவும். மூன்று நாள் கழித்து இரண்டாவது மெயில் வந்தது. இணைப்பு ஒன்றும் இருந்தது. திறக்கவில்லை. பத்து நாள் கழித்து மூன்றாவது. அது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். என் இரண்டெழுத்துப் பெயரை வைத்து நான் தமிழா என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆங்கிலம் தீர்ந்துபோயிற்று, அவ்வளவுதான். 'ஐயா, கையேடு படிச்சோம், புரியல. எங்க சங்கத்துல ரத்தம் குடுக்கிறவங்க பட்டியல்தான் இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லணும்.' கீழே திருநெல்வேலிப் பக்கத்து ஊர் ஒன்றின் தொலைபேசி எண்.

இரண்டாவது மெயிலின் இணைப்பைத் திறந்தேன். ஐந்தே வரி. ஒவ்வொரு வரியிலும் முகவரிக்குள் கமா இருந்தது: கதவு எண், கமா, தெரு, கமா, ஊர். என் புதிய நேர்த்தியான நிரல், முகவரிக்குள் இரண்டாவது கமா வந்ததும் அதைத் தனிக் கட்டமாகப் பிரித்தது. எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போய், ரத்த வகை இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர் நின்றது. ஓ நெகட்டிவ் யார் யார் என்று கேட்டால் அந்த ஆட்கள் வரமாட்டார்கள். நான் கையில் வைத்து ஓட்டிய நாலைந்து கோப்பிலும் முகவரிக்கு ஒரே ஒரு கமாதான்.

கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த எஸ்டிடி பூத்தில் நுழைந்து அந்த எண்ணுக்குப் பேசினேன். அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டேன். வயதான குரல் எடுத்தது. லைப்ரரியின் பெயரைச் சொல்லி, அது சம்பந்தமாகப் பேசுகிறேன் என்றேன்.

"யம்மா, நல்லாயிருங்க! சாரு இருக்காவளா பக்கத்துல?"

"இல்ல. சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. உங்க கோப்ப வச்சு ஒரு பையன் எழுதிக் குடுத்த ப்ரோக்ராமுதான் எங்ககிட்ட ஓடுது. கம்ப்யூட்டரு வைரசு வந்து படுத்துட்டு. திரும்ப எல்லாத்தையும் ஏத்தும்போது உங்க புதுசுதான் கெடச்சுது. அதுல இருந்து ஆளு கொறையுது. ஓ நெகட்டிவ் நாலு பேரு உண்டு எங்க ஊர்ல. எனக்குத் தெரியும், நாலு பேரையும் நானே சேத்தவன்தான். மிஷினு ஒருத்தருதான்னு சொல்லுது."

"யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டு... கிடைக்காம..."

"அதெல்லாம் இல்லம்மா. பழைய பிரிண்டவுட் ஒண்ணு இருக்கு. அத வச்சு ஓட்டுதேன். எனக்கு மிஷினு மேல நம்பிக்க கெடையாது பாத்துக்கிடுங்க. சாரு கோவமா இருக்காவளோ? ஒரே வரில எழுதுதாவ. நான் எதும் தப்பாக் கேட்டுட்டனோன்னு..."

"இல்ல, அவர் பேர்லதான் தப்பு. நாளைக்குச் சரியாகிடும்."

"அவாள்ட்ட நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க."

பூத்தை விட்டு வெளியே வந்து வெகு நேரம் பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை நானே வெறுத்த நாட்கள் வாழ்க்கையில் சில உண்டு. அன்றைக்கு இருந்தது வெறுப்புக்கூட இல்லை, அதைவிடக் கீழான ஒன்று. தன் வேலையைத் திரும்ப வாசித்துப் பார்க்காத ஆளை நான்கு காரணம் காட்டித் துரத்தியவள் நான். நானும் வாசிக்கவில்லை. அவராவது அறியாமையில் செய்தார். நான் ஒரு குறிப்பில் ஒரு வரி எழுதும் சுகத்துக்காகச் செய்தேன்.

ஹர்த்தால் அன்று எழுதியதைத் தூக்கிப்போட்டுவிட்டு, அலுவலகத்தில் சோதித்து முடித்த பகுதியையே திரும்ப வைத்தேன். பெரியவர் அனுப்பிய ஐந்து வரியைச் சோதனைக் கோப்புகளில் முதலாவதாகச் சேர்த்தேன். மறுநாள் வெளியிட்டு, தவறு என்னுடையது என்று தமிழிலேயே அவருக்கு எழுதினேன். 'நாலு பேரும் வந்துட்டாங்க ஐயா' என்று பதில் வந்தது.

அதற்கு மேல் அந்த விளையாட்டில் எனக்கு ருசி இல்லை. அந்த வாரமே ஆர்க்கிடெக்டின் அறைக்குப் போய், அந்த லைப்ரரியை எழுதியது நான்தான், மெயில்களுக்குப் பதில் போட்டதும் நான்தான் என்று சொன்னேன். நம்பவில்லை. அவர் எனக்கு அனுப்பிய முதல் மெயிலின் வரிகளை ஒன்றொன்றாகச் சொன்னேன். தொழில்முறைக்கு ஒவ்வாதது என்ற இடம் வந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். வெட்கப்படுவார் என்றும் கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இதைத்தான்:

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல, சார்."

"செரி. நல்லது. இனி யாருக்கும் தெரியண்டாம். கேடயம் எல்லாம் வாங்கியாச்சு, இல்லியா?" கொஞ்சம் யோசித்தார். "ஒரு காரியம் கேட்டா செய்வீங்களா? அடுத்த வெர்ஷன்ல நம்ம கம்பெனி பேரு எங்கயாவது ஒரு மூலைல வர மாதிரி..."

'செய்வீங்களா' என்றார். மூன்று வருஷம் 'நீ' என்றும் 'மோளே' என்றும் கூப்பிட்ட வாய். அன்றிலிருந்து நான் அந்த நிறுவனத்தை விடும்வரை எனக்கு 'நீங்கள்'தான். நான் அதே ஆள், அதே நாற்காலி, அதே வேலை. கையில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தவுடன் வந்த அந்த மரியாதையைப் போல அருவருப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை. 'மோளே' எவ்வளவோ தேவலை. முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த வருஷத்து அப்ரைசலில் என் வேலையைப் பற்றி நல்லபடியாகவே எழுதியிருந்தார். பயந்தவர்கள் எப்போதும் நல்லபடியாகத்தான் எழுதுவார்கள்.

அடுத்த வருஷம் அதே வளாகத்தில் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். அங்கேயும் அதே காகிதக் கட்டு, அதே வரி. இந்த முறை அந்த வரியை அடித்தால்தான் கையெழுத்து என்றேன். ஆள் எடுக்கும் பெண், இதை எல்லாம் யாரும் படிப்பதே இல்லையே என்று சிரித்தாள். படித்தவள் ஒருத்தி வந்திருக்கிறேன், அடியுங்கள் என்றேன். அடித்தார்கள். அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

மொழியின் இன்னொரு பதிப்பு வந்தது. பெரிதாக எதையும் உடைக்கவில்லை. உடைப்பதற்கு அவர்களுக்கு நேரம் இல்லாமல் போயிருக்க வேண்டும். பழைய பெயருக்கென்று தனியாகக் கட்டிய பொட்டலத்தை ஒவ்வொரு வெளியீட்டிலும் விடாமல் கட்டினேன். அதை எடுத்துவிடச் சொல்லி நிறையப் பேர் எழுதினார்கள். உலகமே முன்னேறிவிட்டதாம், நான்தான் பின்னால் இழுக்கிறேனாம். திருநெல்வேலிப் பக்கத்தில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மொழியின் புதிய பதிப்பை ஏற்ற அதில் இடமே கிடையாது. இதை ஒருவருக்கும் விளக்கவில்லை. விளக்கினால், அவரை வேறு கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லுங்கள் என்பார்கள். எனக்குத் தெரிந்த கூட்டம்தான்.

சில வருஷம் கழித்து அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. யாரோ நன்கொடையாகப் புதிய கம்ப்யூட்டரும் புதிய நிரலும் கொடுத்திருக்கிறார்களாம். இனிமேல் தங்கள் கோப்பு தேவைப்படாது ஐயா, தெரிவிக்க வேண்டியது மரியாதை என்று தெரிவிக்கிறேன் என்று எழுதியிருந்தார். தேவையில்லை என்பதைச் சொல்லி எழுதியவர் அத்தனை வருஷத்தில் அவர் ஒருவர்தான். நான் ஐயா இல்லை என்பதை அப்போதும் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் பழைய பெயர் இருந்த கோப்பை அழித்துவிட்டு அடுத்த பதிப்பை வெளியிட்டேன். நான்கு பேர் திட்டி எழுதினார்கள். அதில் ஒருவர், இதுநாள்வரை பழைய பெயரை எடுக்கச் சொல்லி நச்சரித்தவர். அவருடைய நிரலிலேயே எங்கோ அது இருந்திருக்கிறது. மற்ற மூவருக்கும் எப்படி மாற்றிக்கொள்வது என்று பதில் எழுதினேன். அவருக்கு எழுதவில்லை.